மூல ஜோடி

சுவா ஹொக்லியாங்கின் இடது காதில் சத்தம் கேட்டது.

வேறு யாருக்கும் இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் அந்தக் காதில் ஆறு வருடமாக எதுவும் கேட்டதில்லை. அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வைத்தியரிடம்கூட அவர் போகவில்லை. போனால் வெளியே தெரியும். சுவா வீட்டு இயர்போனைக் கேட்டுப் பார்த்து முத்திரை வைக்கிறவருக்கு ஒரு காது செவிடு, மறு காது பாதி என்று சாவோயாங் கடைத்தெருவில் பேச்சு கிளம்பினால், நாற்பது வருடத்துப் பெயர் ஒரு கிண்ணம் தேநீர் ஆறுவதற்குள் போய்விடும். அதனால் விருந்துகளில் அவர் எப்போதும் மேசையின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். எல்லாரும் வலது பக்கம் இருந்தார்கள். பெரியவர் தலையைத் திருப்பாமல் பேசுகிறார், அது அவருடைய கம்பீரம் என்று சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சத்தம் அலமாரியிலிருந்து வந்தது. பட்டறைக்கு மேலே, மூன்றாம் மாடி அறையில் சுவரை ஒட்டி நின்ற அந்த அலமாரியின் இழுப்பறைகளில் இருநூறு ஜோடி இயர்போன்கள் நான்கு நாளாக ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. புது மாட்டை வண்டிக்குப் பழக்குவதுபோலப் புது இயர்போனைச் சத்தத்துக்குப் பழக்க வேண்டும். அது அண்ணன் கியம்ஹோ வைத்த வழக்கம். மூடிய பலகைக்குப் பின்னால் அந்த இரைச்சல் தூரத்து ஓட்டுக்கூரையில் மழை விழுவதுபோல இருக்கும். இத்தனை வருடமாக ஹொக்லியாங் பலகையில் உள்ளங்கையை வைத்துத்தான் அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்வார். இன்று கதவைத் திறந்ததுமே அந்த மழை இடது காதுக்குள் விழுந்தது.

அசையாமல் நின்றார். தெற்குக் காற்றின் ஈரநாட்கள் அவை. சுவர்கள் வியர்த்து நீர் கோடு கோடாக இறங்கியது. தரையில் விரித்த அட்டைகள் ஊறி ஊசின வாசம் அடித்தது. பகல் ஒரு மணிக்கே ஜன்னல் கண்ணாடி சாம்பல் பூத்துக் கிடந்தது.

படியில் காலடி. பெக்லான் வந்தாள். அண்ணன் மகள். கீழே வயர் பற்றவைக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரையும் கணக்கையும் கடையையும் அவள்தான் கட்டி மேய்க்கிறாள்.

"சித்தப்பா, குவாங்சோவ் பத்திரிகைக்காரங்க மூணு மணிக்கு வந்துடுவாங்க."

"வரட்டும். கண்ணைக் கட்டிட்டு உக்காரணும், அவ்வளவுதானே? கட்டச் சொல்லு."

"இப்ப இன்னொண்ணும் கேக்கறாங்க." அவள் ஈரத் தரையைப் பார்த்தாள். "கையை மடியில வச்சுக்கணுமாம். இயர்போனை அவங்களே காதுல வைப்பாங்களாம்."

"ஏன், என் கையில என்ன சீக்கா?"

"போன மாசம் எழுதினாங்களே, படிச்சீங்கல்ல? 'சுவா வீட்டுல இப்பத் தடவிப் பாக்கத்தான் ஆள் இருக்கு, கேட்டுப் பாக்க ஆள் இல்ல'ன்னு."

"குரைக்கிற நாய்க்கெல்லாம் கல்லெடுத்தா ஊர் போய்ச் சேர முடியாது."

"கல்லு வேணாம் சித்தப்பா. அஞ்சாறு ஜோடி. எது அப்பா காலத்துச் சரக்கு, எது புதுசு, எது கழிச்சதுன்னு சொன்னாப் போதும். ஊரு பூரா அதைத்தான் படிக்கப் போகுது." நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லிடுவீங்கல்ல?"

"உங்கப்பனுக்கு மட்டும்தான் காது இருந்துதோ?"

"நான் அப்படியா சொன்னேன்?" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் காது, தம்பி கை. அச்சு வார்த்ததும், தண்டின் வார்ப்புத் தையல் நகத்தில் தட்டாமல் தேய்த்ததும், இழுத்தாலும் முறுக்கினாலும் அறாத வயரைத் தேடிப் பிடித்ததும் ஹொக்லியாங். ஒரு இயர்போனைக் கையில் வாங்கினால், பழைய சரக்கின் விறைப்பான வயர், புதியதன் வழவழப்பு, கழித்ததன் எடைக்குறைவு எல்லாம் அவருக்கு விரலிலேயே தெரியும். ஆனால் வாங்க வந்தவர்கள் யாரும் வயரைப் புகழவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அண்ணன் இறந்த பிறகு முத்திரை இவர் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இவர் இயர்போனைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார், விரல்கள் தண்டையும் வயரையும் தடவும், தலை அசையும், முத்திரை விழும். இன்று கை மடியில் இருக்க வேண்டும்.

கதவைத் தாழிட்டார். மேசையின் அடி இழுப்பறையைச் சாவி போட்டுத் திறந்து, துணிக்குள்ளிருந்து அந்த ஜோடியை எடுத்தார். மூல ஜோடி. அண்ணன் முதன்முதலில் தன் காதால் சுருதி சேர்த்தது. சுவா வீடு செய்த ஒவ்வொன்றும் இதற்கு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கப்பட்டது. இது இந்த அறையில் இருப்பதே இன்று யாருக்கும் தெரியாது.

காதில் வைத்துப் பாட்டை ஓடவிட்டார். ஊர் நாடகப் பாட்டு; ஒரு பெண் குரல், பின்னால் வெண்கலத் தாளம்.

வலது காதில் எப்போதும்போல சுவருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுபோல மங்கல். இடது காதில் அந்தப் பெண் மூச்சு இழுத்தாள். அடியெடுப்பதற்கு முன் இழுக்கிற சின்ன மூச்சு. அண்ணன் சொல்வார், அது கேட்டால்தான் சரக்கு. இவர் கேட்டதே இல்லை, கேட்டதுபோல் தலையாட்டியிருக்கிறார். தாளத்தின் ஓசை எழுந்து, மெலிந்து, நூலாகி, நூலும் கரைந்தது. எழுபத்திரண்டு வயதில் ஹொக்லியாங்கின் கண் நிறைந்தது. வீட்டு மானம் பிழைத்தது. முன்னோர்கள் கைவிடவில்லை.

புதிய சரக்கில் ஒன்றை எடுத்து வைத்தார்.

தாளம் பாதியில் அறுந்தது. குரலின்மேல் ஈரத்துணி கிடந்தது. மூச்சு இல்லை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் இல்லை. அந்த நாய்கள் எழுதியது உண்மை. இரண்டு வருடமாக ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையாலேயே பொய் முத்திரை குத்தியிருக்கிறார். காவலுக்கு நின்றவனே வேலியைப் பிடுங்கியிருக்கிறான். அந்தக் கசப்பு தொண்டையில் இறங்குவதற்குள், பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பதைக் கவனித்தார்.

காய்ந்த சத்தம். பானையைச் சாய்த்தால் அடியில் குருணை சரிவதுபோல. சரிந்து, நின்று, மறுபடி சரிந்தது. ஊரே நனைந்து கிடக்கும் நாளில் அவ்வளவு காய்ந்த ஒன்று.

மூல ஜோடியிலும் அது இருந்தது. பாட்டை நிறுத்தினார். இருந்தது. பிளக்கைப் பிடுங்கினார். வயர் மேசையில் வெறுமனே கிடந்தது.

இருந்தது.

எங்கே கேட்டோம் என்று மனம் தேடும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனை எரித்த தகன சாலையின் பின்கட்டு. எலும்புகளைக் காலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் குடத்தில் இறக்கினார்கள், இறந்தவர் உள்ளே நேராக நிற்க வேண்டுமே. தலை ஓடு கடைசி. காதெலும்பு இரண்டும் வேகாமல் புளியங்கொட்டைபோல் முழுசாக இருந்தன. குடம் நிறைந்ததும், நூற்றுக்கு மேற்பட்ட பங்காளிகள் பார்த்திருக்க, ஹொக்லியாங் தலை ஓட்டின் இரு பக்கமும் இயர்போனைச் செருகினார். "மூல ஜோடி. அண்ணன் எனக்கு விட்டுட்டுப் போனது. அண்ணன்கிட்டயே இருக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னார். அழாதவர்களும் அழுதார்கள். குலத் தலைவர் தோளைத் தட்டி, "தம்பின்னா இவன்தான்யா" என்றார். செருகும்போது விரலடியில் சாம்பல் சரிந்த சத்தம் அது.

செருகியது மூல ஜோடி அல்ல. காலையில் கழிவுத் தட்டில் முதலில் அகப்பட்ட ஒன்று. மூல ஜோடி போய்விட்டால் பட்டறை எதை வைத்து ஓடும்? செத்தவனுக்குக் கேட்கவா போகிறது? ஒரே வார்ப்பு, ஒரே நிறம். யாருக்குத் தெரியும்?

இரண்டு வருடம். இராப்பகலாக. அண்ணனின் அந்தக் காதுக்கு அந்தக் கழிவு.

இயர்போனைக் கழற்றினார். மேசையில் வைத்தார். சத்தம் நிற்கவில்லை. இடது காதைப் பொத்தினார். கைக்கு உள்பக்கம் சரிந்தது. சுண்ணாம்பு வெந்த வாசம் மூக்கில் ஏறியது. அலமாரியைப் பார்த்தார். மழை நின்றிருந்தது. இருநூறு ஜோடியும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தன.

கேட்டுக்கொண்டிருந்தன.

"சித்தப்பா! வந்துட்டாங்க!"

வந்தவர்கள் மூன்று பேர். லியாவ் என்பவர் மட்டும் பேசினார். மெல்லிய குரல், பள்ளிக்கூட வாத்தியாரின் மரியாதை. பெக்லான் மூன்று கிண்ணம் தேநீர் ஊற்றினாள். விருந்தாளிகள் குடித்தார்கள். ஹொக்லியாங் முதுகு சாயாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்று உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. சுவா வீட்டில் அப்படிச் சொன்னவர்கள் கிடையாது.

"ஐயா, கண்கட்டு இறுக்கமா இருக்கா?"

"நீங்க எழுதின அளவுக்கு இல்ல."

யாரோ சிரித்தார்கள். கைகளை மடியில் வைத்தார். இருட்டு. லியாவின் சூடான விரல்கள், தேயிலை வாசம், இயர்போன் காதில் அமர்ந்தது. பாட்டு.

"அண்ணன் காலத்துது. ஆனா கடைசி வருஷம். அடித்தொனி கொஞ்சம் தடிப்பு."

தாளில் பேனா கீறியது. அடுத்தது.

"புதுசு. தாளம் சீக்கிரம் அறுது. நீங்க எழுதினது சரிதான்."

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் சரி. சரியா தப்பா என்று அவர்கள் சொல்லவில்லை. மூச்சு மாறுவதிலிருந்து அவருக்குக் கேட்டது. அடியில் சாம்பல் சரிந்துகொண்டே இருந்தது. சரியட்டும். ஊர் நாளை படிக்கட்டும். இவன் கை மட்டுமல்ல, காதும்தான் என்று படிக்கட்டும்.

ஐந்தாவதைக் கழற்றினார்கள். காதில் காற்று பட்டது. தூரத்தில் கிண்ணம் உரசியது. யாரோ ஏதோ கிசுகிசுத்தார்கள்.

பிறகு இடது பக்கம். தண்டைச் சற்றே முன்னால் சாய்த்து, ஒரே அழுத்தில். பிறகு வலது. அவசரமில்லாத விரல்கள். ஆயிரம் தடவை செய்த விரல்கள். லியாவின் கை குளிர்ந்துவிட்டது போலும்.

பாட்டு வரவில்லை. ஓட்டைத் தகரத்துக்குள் ஈ அடைந்ததுபோல ஒரு அதிர்வு. இடதில் மட்டும். நிற்காமல். குரலும் இல்லை, தாளமும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் பல் கூசி, மண்டை வெடித்து, மனிதன் சுவரில் முட்டிக்கொள்கிற சத்தம். ஹொக்லியாங் முகம் சுளித்தார். தலையை நிமிர்த்தினார். இந்த ஒன்றையாவது முழுக் குரலில் சொல்லலாம்.

"இது கழிவு. படு கழிவு. இடது பக்கம் உள்ளேயே கிழிஞ்சிருக்கு. இதை ஒரு மனுஷன் காதுல வைப்பானா? எங்க வீட்டுல எதிரிக்குக்கூட இதைக் குடுத்திருக்க மாட்டோம்."

யாரும் எழுதவில்லை.

"என்ன பேச்சைக் காணோம்? சரியா இல்லையா?"

நாற்காலி ஒன்று பின்னால் இழுபட்டது. பெக்லானின் குரல் எதிர்ச்சுவர் ஓரத்திலிருந்து வந்தது. எதற்கு அவ்வளவு தூரம் போனாள்?

"சித்தப்பா... நாங்க இன்னும் அடுத்ததை வைக்கவே இல்ல."

மடியில் கிடந்த கைகளின்மேல் ஏதோ உதிர்ந்தது. மெல்லியது. காய்ந்தது. கண்கட்டைக் கீழே இழுத்தார்.

நான்கு பேரும் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஈரச் சுவர், சட்டைகள் நனைந்திருந்தன. பெக்லான் வாயைப் பொத்தியிருந்தாள். ஆறாவது ஜோடி லியாவின் கையிலேயே இருந்தது.

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, நாற்காலிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காதில் இருந்த விரல்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்தின.