நண்டு இல்லாத பூட்டு

முத்துத்துறையில் படகோட்டும் உரிமத் தேர்வு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். தாளும் பேனாவும் ஒழிந்து நாற்பது வருடமாகிவிட்டது. மெய்ந்நிகர்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ‘யாளிக்கோட்டை’ விளையாட்டுக்குள் இருவர் இருவராக நுழைய வேண்டும். வாளைச் சுழற்றி, பாலம் கடந்து, கடைசிக் கதவைத் திறந்தால் உரிமம். படகுக்கும் யாளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

அமலோற்பவத்துக்கு இது மூன்றாவது முறை. விதிப்படி கடைசி முறையும் இதுதான். இருபது வருடம் இழுவைப்படகில் கயிறு பிடித்தவள். இன்று தோற்றால் சாகும்வரை கயிறுதான், சுக்கானைத் தொட முடியாது.

அவளுக்குத் துணைமதி கிடையாது. ஊரில் மற்றெல்லோருக்கும் காதுக்குப் பின்னால் நெல்மணியளவு கருவி ஒன்று உண்டு. கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும். அவள் உடம்பு மட்டும் அதை ஏற்கவில்லை, வைத்த இடமெல்லாம் சீழ் கட்டியது. ‘தனிமண்டை’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இந்த முறை அவளோடு ஜோடி சேர எவரும் வரவில்லை. தாமதமாக வந்த கிளாட்வின் வசமாக மாட்டிக்கொண்டான்.

பாலம்வரை சிக்கலில்லை. கதவில் மூன்று சக்கரங்கள், பக்கத்தில் ஒரு நெம்புகோல். ஒவ்வொன்றிலும் மீன், சங்கு, நண்டு என மூன்று உருவங்கள். கதவின் மேலிருந்த யாளி வாயைத் திறந்தது.

“பூட்டில் ஒரு மீன், இரண்டு சங்கு. நண்டு இல்லை. இரண்டு தடவை முயலலாம். முதல் தடவை முடிந்ததும் எத்தனை சக்கரம் சரி என்று மட்டும் சொல்வேன்.”

மீன் எந்தச் சக்கரத்தில் என்பதுதான் கேள்வி. கிளாட்வின் காதைத் தொட்டான். முகம் தொங்கியது.

“உறுதியில்லைங்குதுக்கா. மூணு இடத்துல எதுலயும் இருக்கலாமாம். ஒண்ண வச்சுப் பாத்துத் தப்பாப் போனா, மிச்ச ரெண்டுல எதுன்னு அப்பவும் தெரியாதாம். தொட வேண்டாம்னு சொல்லுது.”

துணைமதிக்கு ஒரு சட்டம் உண்டு: தப்பென்று தெரிந்ததை அது சொல்லக் கூடாது. அது உறுதி சொல்லாததை ஊரில் யாரும் தொடுவதில்லை. முந்தைய இரண்டு தடவையும் ஜோடியின் பேச்சைக் கேட்டு, இதே கதவின் முன் நின்றே அவளுக்கு நேரம் முடிந்துபோனது. இப்போதும் மேலே நேரங்காட்டும் மணல் கொட்டிக்கொண்டிருந்தது.

அமலோற்பவத்துக்குக் கையில் கயிறு இருப்பதுபோலவே இருந்தது. கப்பலை இழுக்கும்போது நீரோட்டம் பிடிபடாவிட்டால் அவள் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் ஒருதரம் சுண்டிப் பார்ப்பாள். கப்பல் எப்படி முரண்டு பிடிக்கிறது என்பதிலேயே ஓட்டம் தெரிந்துவிடும். முதல் சக்கரத்தில் மீனை வைத்தாள், இரண்டாவதில் சங்கு. மூன்றாவதில் நண்டு.

“எக்கா! என்ன செய்யுதிய? நண்டுதான் கெடையாதே!”

“தெரியும்ல. சும்மா இரு.”

“தெரிஞ்சே தப்பா வைக்கியளா?”

“மீனு மொதல்ல இருந்தா, ரெண்டு சரின்னு வரும். நடுவுல இருந்தா, ஒண்ணுமே சரி வராது. கடைசில இருந்தா, நடுச் சங்கு மட்டும் சரி. தப்புதாம்ல. ஆனா யாளி வாயத் தொறந்தா மீனு மாட்டிக்கிடும்.”

கிளாட்வின் விரல்விட்டு எண்ணினான். அவள் நெம்புகோலை இழுத்தாள்.

“ஒன்று சரி,” என்றது யாளி.

சங்கு, சங்கு, மீன். இரண்டாம் முறை இழுத்தபோது கதவு கோட்டையே அதிரும்படி திறந்தது. அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, தேர்வுக்கூடம் என்றும் பாராமல் விசிலடித்தாள். அழுகையும் கூடவே வந்தது, துடைக்கவில்லை.

தேர்வதிகாரி பதிவை மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். “தெரியாமத் தப்பா வச்சியாம்மா?”

“தெரிஞ்சுதான் சார் வச்சேன்.”

அவருடைய துணைமதி உறுதியில்லை என்றது. கடைசியில் அவரே முத்திரை குத்தினார்.

மறுவாரம் அமலோற்பவம் சுக்கானில் நின்றாள். அவளிடம் வேலை பழக வந்த கிளாட்வின் கயிற்றில். பின்னால் மலைபோல ஒரு கப்பல், நீரோட்டம் பிடிபடவில்லை. அவன் கை காதுக்குப் போனது, பாதியிலேயே இறங்கியது.

“எக்கா, தப்பான பக்கம் ஒருதரம் இழுத்துப் பாக்கட்டா?”

“இழுல!” என்று கத்தினாள் அவள்.