வாடை இல்லை

கசடுக் கிணற்றிலிருந்து நாற்றமே வரவில்லை. மூக்கர் குனிந்து இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். ம்ஹூம். ஊர் மொத்தமும் கழுவி அனுப்பிய கழிவு முப்பதடி ஆழத்தில் குழம்பாகக் கிடக்கிறது. அதன் விளிம்பில் நிற்பவருக்குக் கழுவித் துடைத்த கண்ணாடியை முகர்ந்த மாதிரி இருந்தது.

கழிவுநீர் நிலையத்தில் அவர் இருபது வருட மேற்பார்வையாளர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. மற்ற எல்லோருக்கும் மூக்கர்தான். கசடை முகர்ந்தே நேற்று மழையா, பக்கத்தில் கல்யாணமா என்று சொல்லிவிடுவார். வீட்டில் இந்தத் திறமையை யாரும் மெச்சியதில்லை. மனைவி அவருக்கென்று தனி சோப்பு, தனித் துண்டு, தனி நாற்காலி ஒதுக்கியிருந்தாள். நாற்காலியும் ஜன்னலோரம், காற்று வெளியே போகிற பக்கமாக.

போன மாதம்தான் இரும்பு மருந்து வந்தது. கண்ணுக்கே தெரியாத நுண்துகள், நானோ இரும்பு என்றார் பொறியாளர். டிரம்மில் மை போலக் கருப்பாக இருந்தது. கசடில் கலந்தால் நாறுகிற வாயுவை இரும்பு கவ்விக்கொள்ளுமாம். கவ்வியது. மூன்றாம் நாளே கசடு கறுத்து, பளபளத்து, வாயை மூடிக்கொண்டது. அன்று மாலை மனைவி அந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அவர் தோளில் சாய்ந்தாள். மூக்கர் மனசுக்குள் இரும்புக்கு ஒரு கும்பிடு போட்டார்.

இப்போது கிணற்றுக்குள் இருப்பவன் அவளுடைய ஒரே தம்பி. அடைத்துக்கொண்ட பம்பைச் சரிசெய்ய இறங்கியிருந்தான். அவன் இடுப்புக் கயிற்றின் மறுமுனை மூக்கர் கையில்.

"மாப்ள, வாடை இருக்கா?"

"இல்ல மாமா. உங்க சட்டைக்கு இது எவ்வளவோ தேவலாம்."

"மேல வா, உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. அவ சொன்னதுதானே இது!"

நூறு எண்ணுவதற்கு ஒரு முறை மேலிருப்பவர் இப்படிக் கேட்பது பழைய வழக்கம். முன்பெல்லாம் நல்ல பதில் 'இருக்கு' என்பதுதான். 'குடலைப் பிடுங்குது' என்றால் இன்னும் நிம்மதி. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடிப்போனால் முதலில் மூக்கைக் கொல்லும், அப்புறம் ஆளை. ஆகவே 'இல்ல' என்று வந்தால் மறுபேச்சில்லாமல் கயிற்றை இழுக்க வேண்டும். மருந்து வந்தபின் 'இல்ல' நல்ல வார்த்தையாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி மாற்றவில்லை. அதுவாக மாறிக்கொண்டது.

வாயு அளக்கும் கருவி மட்டும் மருந்துக்குப் பிறகும் கத்திக்கொண்டே இருந்தது. "என் மூக்கை மிஞ்சிட்டியா நீ?" என்று அதைப் பழுதுக் கணக்கில் சேர்த்து, அலமாரியில் பூட்டியவர் மூக்கர்தான்.

கிணற்றறையின் தகரக் கூரையில் பிற்பகல் மழை சடசடத்தது. அடுத்த கொட்டகையில் காற்று ஊதும் இயந்திரம் ஓயாமல் உறுமியது. இரண்டுக்கும் நடுவே, துணிக்குள் சுற்றிய குஞ்சுப் பறவை போல, ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கீச்சிடுவதை அவர் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அலமாரி. அலமாரிக்குள்ளிருந்து.

அப்படியென்றால் வாயு கிணற்றுக்குள் மட்டுமல்ல. அவர் நிற்கிற இந்த அறைக்குள்ளும்.

சாப்பாட்டுப் பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து நகத்தால் கீறினார். சாறு கண்ணில் தெறித்து எரிந்தது. முகர்ந்தார். ஒன்றுமில்லை. பினாயில் பாட்டிலைத் திறந்தார். தண்ணீர் போலிருந்தது. மண்ணெண்ணெய்த் துணி. வெறும் துணி.

"மாப்ள! மேல ஏறு!"

"இல்ல மாமா."

அவர் கேள்வியே கேட்கவில்லை.

"ஏறுடா!"

"இல்ல மாமா."

அதே ஏற்றம். அதே இறக்கம். 'மா' முடிகிற இடத்தில் ஒரு குமிழி உடைகிற சத்தம்.

கயிற்றை இழுத்தார். வரவில்லை. காலை விளிம்பில் ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தார். கீழே ஏதோ கவ்விக்கொண்டிருந்தது. அபாய மணியை அழுத்தினார். மழையும் உறுமலும் அதை விழுங்கின. யாரும் வரவில்லை.

காப்பாற்ற இறங்காதே. புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது. இரண்டாவதாக எடுக்கும் பிணம் எப்போதும் மாமனோ மச்சானோதான் என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த நாற்காலி ஜன்னலோரம் திரும்பிப் போவது கண்ணில் வந்து நின்றது. அதில் அவர் இல்லை. தம்பியை இழந்த மனைவி உட்கார்ந்திருந்தாள்.

டார்ச்சைப் பல்லில் கவ்வியபடி இறங்கினார். பத்துப் படி. பதினைந்து. கம்பி ஐஸாகச் சில்லிட்டது. தலை லேசானது. இருபது.

வெளிச்சம் விழுந்தது.

மச்சினன் நின்றுகொண்டிருந்தான். மார்பளவு கருப்பு. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. வாயும் திறந்திருந்தது. உதடு வரை கசடு நிரம்பி, தளும்பாமல், கண்ணாடியாக மினுங்கியது.

"இல்ல மாமா."

அவன் உதடு அசையவில்லை.

அவன் பக்கத்தில் கசடு மெல்லப் புடைத்தது. நடுவில் கிடைமட்டமாகப் பிளந்தது. இன்னொரு வாய். அது மூக்கரின் சொந்தக் குரலில் கேட்டது.

"வாடை இருக்கா?"

பதில் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்தார். அப்படியும் வாய் தானாகத் திறந்து, டார்ச் நழுவி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. இருட்டு. நாக்கில் இரும்பு.

"இல்ல" என்றது அவர் வாய்.