இரண்டாவது தட்டு

அறுபத்தோராவது வளைவில் இரண்டாவது தட்டு தகரத்தில் விழவில்லை.

முதல் தட்டு வழக்கம்போல ஜெய்லானியின் தலைக்குப் பின்னால், கேபின் தகரத்தில் கேட்டது. அடுத்தது மரத்தில் கேட்டது. காய்ந்த, சுருக்கமான ஒரு ‘டொக்’. அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பின்னால் தார்ப்பாய்க்குள் பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் முஜீப். தங்கை சித்திகாவின் புருஷன், ஜெய்லானியின் பழைய மரச்சாமான் கடையில் பாதிப் பங்குதாரன். ஒரு தட்டு என்றால் வண்டியை நிறுத்து, இரண்டு என்றால் ரைட், போகலாம். லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை அது. மலையிறக்கத்தின் ஒவ்வொரு வளைவிலும் ஜெய்லானி வேகத்தைக் குறைப்பான், சாமான் நகரவில்லை என்றால் முஜீப் இரண்டு தட்டுவான். அதற்குத் தகரம் இருக்கிறது. அறுபது வருஷமாகக் கீறல் விழாத தேக்கில் போயா தட்டுவது?

பெங்களூர்க்காரர் ஒருவர் அந்த பீரோவின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் நான்கு முறை கூப்பிட்டிருந்தார். மிட் செஞ்சுரி, மிட் செஞ்சுரி என்று அந்தக் காலத்து மாடலின் பெயரை மந்திரம்போலச் சொன்னார். ஆறடி நீளம், இடுப்பு உயரம், ஒன்றரை அடி ஆழம். நுனியில் பித்தளைப் பூண் போட்ட நான்கு குச்சிக்கால்கள். கைப்பிடி இல்லாமல், விரல் நுழையும் குழியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் இரண்டு கதவுகள். மலைமேல் சோளக்காடு ஊரைத் தாண்டி ஒரு பழைய காப்பி எஸ்டேட் பங்களாவில் அது இருந்தது. சொந்தக்காரர்கள் விற்கச் சொல்லிவிட்டார்கள். பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பெருமாயி, சீக்கிரம் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

அசல் தேக்கா, பிளைவுட்டா என்று பார்க்க முஜீப் விரல் முட்டியால் பீரோவில் ஒரு தட்டுத் தட்டினான். பெருமாயி பதறிப்போய் ஓடி வந்து, தன் முட்டியால் இன்னொரு தட்டுத் தட்டினாள்.

“ஒத்தையா உடக்கூடாதுங்க.”

கல்யாணம் காட்சிக்குத்தான் ஒற்றை இரட்டை பார்ப்பார்கள், பீரோவுக்குமா என்று முஜீப் சிரித்தான். இந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் என்றாள் அவள். எல்லாரும் என்றால் யார் என்று ஜெய்லானி கேட்கவில்லை. பங்களாவில் அவளைத் தவிர யாரும் இல்லை. கிளம்பும்போது, “போயிட்டு வாரோங்க” என்று இருவரும் சொன்னார்கள். அவள் “வாங்க” என்று சொல்லவில்லை. “போங்க” என்றாள்.

மணி நாலரைதான். ஆனால் நவம்பர் மாதத்து மூடுபனி ரோட்டை முழுசாக மறைத்திருந்தது. வளைவுப் பலகைகளில் இறங்க இறங்கக் குறையும் எண், பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. மழை விட்டும் விடாமலும் தார்ப்பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியையும் தார்ப்பாயே மூடியிருந்ததால் முஜீப்பைப் பார்க்க முடியவில்லை. எங்கிருந்தோ அந்துருண்டை வாசனையும், பல வருஷம் மூடிக்கிடந்த மரத்தின் புளித்த வாசனையும் கேபினுக்குள் வந்து நிறைந்தன. கண்ணாடியை இறக்கினான். போகவில்லை.

காலையில் காளப்பநாயக்கன்பட்டியில் வண்டியை எடுத்தபோது சித்திகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அவளுக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது.

“அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள அவரக் கூட்டியாந்து உட்ருங்க. இன்னிக்கே வலி வந்துரும்னு தோணுது.”

கூட்டி வருகிறேன் என்று ஜெய்லானி தலையாட்டியிருந்தான்.

ஐம்பத்திரண்டில் டம், டொக். நாற்பத்தொன்பதில் டம், டொக். முதல் தட்டு வரவரப் பலமாக விழுந்தது, உள்ளங்கையால் அறைவதுபோல. இரண்டாவது மட்டும் மாறவே இல்லை. அதே காய்ந்த சத்தம், முதல் தட்டை ஒட்டியே. பீரோவில் தட்டாதே மாப்ளே என்று ஜெய்லானி கத்தினான். பதிலுக்கு டம், டொக். இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தான். இந்தப் பனியில் நிறுத்தினால் மேலிருந்து வரும் பஸ் மோதிவிடும் என்று பயமாக இருந்தது. தவிர, ரைட் என்றுதானே தட்டுகிறான்.

நாற்பதைத் தாண்டி நேர் ரோட்டில் தட்டு விழுந்தது. அங்கே வளைவே இல்லை. டம், டொக். மறுபடியும் டம், டொக். டம், டொக். டம், டொக். முதல் சத்தம் இப்போது தலைக்குப் பின்னால் இல்லை. தோளுக்குப் பின்னால் கேட்டது. பிறகு இடுப்புக்குப் பின்னால். கீழே போய்க்கொண்டே இருந்தது. தகரத்தில் நகம் இழுபட்டது.

பிறகு ஒன்றும் இல்லை.

முப்பத்தாறு. ஒன்றும் இல்லை.

முப்பத்தைந்து. மழை. வைப்பர். அந்துருண்டை வாசனை.

ஜெய்லானி கையைப் பின்னால் வளைத்து, அவனாகவே கேபின் தகரத்தில் தட்டினான். என்ன ஆச்சு என்று கேட்பதுபோல, ஒரே ஒரு தட்டு.

டொக் என்றது மரம்.

ஒத்தையா உடக்கூடாதுங்க.

அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. முஜீப் இரண்டு தட்டவே இல்லை. அறுபத்தோராவது வளைவிலிருந்து அவன் ஒன்றுதான் தட்டிக்கொண்டிருந்தான். நிறுத்து. நிறுத்து. நிறுத்து. இரண்டாவதைப் பீரோ தட்டியது. அதை ரைட் என்று நினைத்து ஜெய்லானி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

இறங்கிப் பின்னால் ஓடி, கயிற்று முடிச்சைப் பல்லால் இழுத்தான். தார்ப்பாயைத் தூக்கினான். முஜீப் இல்லை. அவன் செருப்பு இருந்தது. தகரத்தில் ஈரக் கைத்தடங்கள், மேலிருந்து கீழாக. கடைசித் தடத்தின் ஐந்து விரல்களும் பீரோவின் பக்கம் கோடாக இழுபட்டிருந்தன. பீரோவின் கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

உள்ளே முஜீப்பின் போன் அடித்தது. சித்திகா கூப்பிட்டால் மட்டும் வரும் பாட்டு.

ஜெய்லானி மண்டியிட்டு அந்த இடுக்கில் கண்ணை வைத்தான். ஒன்றரை அடி ஆழம். மத்தியானம் அவனே டேப் வைத்து அளந்தது. போனின் வெளிச்சம் ஒன்றரை அடியில் இல்லை. மலைமேல் நின்று பார்த்தால் ஐந்து வளைவுக்குக் கீழே போகும் வண்டியின் விளக்குத் தெரியுமே, அவ்வளவு தொலைவில், அவ்வளவு சின்னதாக, மெல்லப் போய்க்கொண்டிருந்தது.

“மாப்ளே.”

வெளிச்சம் நின்றது.

தொலைவிலிருந்து ஒரு தட்டுக் கேட்டது. நிறுத்து.

ஜெய்லானி இரண்டு உள்ளங்கைகளையும் கதவின்மேல் வைத்து, உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினான். இரண்டாவதைத் தட்டாதே. தட்டாதே. தட்டாதே. அவன் வாய் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளங்கைக்கு அடியில், மரத்தின் அந்தப் பக்கம், ஒரு விரல் முட்டி பட்டது.

டொக்.

ரைட். இடுக்கின் உள்ளே, சித்திகாவின் பாட்டோடு வெளிச்சம் மறுபடி நகர ஆரம்பித்தது.