நல்லா நடக்கறாரு

கன்னியப்பனின் பிணத்துக்கு மாலை போட்டாகிவிட்டது.

மணிக்கட்டில் இருந்த கறுப்புப் பட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

அதைக் கழற்றத்தான் நர்ஸ் ஜெயப்பிரியா உத்திரமேரூரிலிருந்து மானாம்பதிக்கு ஸ்கூட்டியில் வந்திருந்தாள். இதய நோயாளிகள் எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் படுத்தே கிடக்கிறார்கள் என்று அளக்கிற ஆராய்ச்சி அது. பட்டைக்குள் இருக்கும் சென்சார், அசைவையும் நாடித்துடிப்பையும் அவள் போனுக்கு அனுப்பிவிடும்.

போனைப் பார்த்தாள்.

நேற்றைய கோடுகளை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

தெருவுக்கு வந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள்.

எஸ்.ஐ. தினகரன் சலிப்போடு வந்து இறங்கினார்.

"ஹார்ட் பேஷண்ட்டு தூக்கத்துல போயிட்டாரு. இதுல போலீஸுக்கு இன்னா வேலை மேடம்?"

"தூக்கத்துல போகல சார். நேத்து சாயங்காலம் படுத்துக்கினு இருந்தவரு கை திடீர்னு வெட்டி வெட்டி இழுத்திருக்கு."

"நெஞ்சுவலி வந்தா இழுக்காதா?"

"கை ஓஞ்ச அப்புறமும் இதயம் ஓடியிருக்கு. கடைசியாத்தான் நின்னுது. மூச்சை அடைச்சா அப்படி ஆவும். கண்ணைத் தொறந்து பாருங்க."

தினகரன் குனிந்து இமையை விலக்கினார்.

வெள்ளை விழியில் சிவப்புப் புள்ளிகள். உதட்டின் உள்பக்கம் பல் பதிந்த காயம்...

கூட்டத்தை வெளியே அனுப்பினார்.

தலைமாட்டில் மனைவி ஆண்டாளம்மாள். அழவில்லை. களை பிடுங்கிக் காய்த்துப்போன கைகள் மடியில் கிடந்தன.

"நேத்து வூட்டுக்கு யாரும்மா வந்தது?"

"யாரும் வரல சார்."

"இவரு எங்கனா வெளிய போனாரா?"

"எட்டு வருசமா தெருக்கொழா வரைக்கும் நடக்க முடியாதுன்னு படுத்துக்கினு இருந்தாரு. சோறு ஊட்டுனேன். காலு அமுக்குனேன். எம்பொண்ணு நிஷா படிப்ப வுட்டுட்டு கம்பெனி பஸ்ஸு ஏறுச்சி."

ஜெயப்பிரியா குறுக்கிட்டாள்.

"இன்னாம்மா சொல்றீங்க? தெனம் மத்தியானம் ரொம்ப தூரம் நடந்திருக்காரே. போன வாரம் உங்ககிட்டயே..."



"சொன்ன கண்ணு." ஆண்டாளம்மாள் நிமிர்ந்தாள். "'நல்லா நடக்கறாரு, சந்தோஷப்படுங்கம்மா'ன்னு சொன்ன. நீ சொல்லலன்னா எனக்கு எங்க தெரியப் போவுது?"



"நேத்து கழனியிலேர்ந்து பாதி வேலையில வந்துட்டேன் சார். இவரு வெளிய கெளம்புனாரு, பின்னாடியே போனேன். ஏரியில நீஞ்சிக்கினு கீறாரு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும்... சின்னப் புள்ளையாட்டம். நான் சத்தம் போடல. இவரு வூட்டுக்கு வந்து படுத்துக்கினு, 'காலு வலிக்குது, அமுக்கு'ன்னாரு."

"அப்புறம்?"

"அமுக்கினேன். தூங்கிட்டாரு. எழுந்து போயி தலகாணிய எடுத்தாந்து... அதையும் அமுக்கினேன்."

தினகரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஜெயப்பிரியா பிணத்தின் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தாள். ஒரு நல்ல செய்தி... சிரித்துக்கொண்டே சொன்ன செய்தி. ஒரு உயிரைக் குடித்துவிட்டது.

"நான் சொல்லியிருக்கவே கூடாதும்மா."

"அழாத. இந்த வூட்ல நெஜம் பேசுனது நீ ஒருத்திதான்."

ஜீப் கதவைத் தினகரன் திறந்தார்.

"ஏறும்மா. இனிமே ஆயுசுக்கும் உள்ளதான்."

"அங்க சோறு போடுவாங்களா சார்?"

"மூணு வேளையும்."

"யாருக்கும் காலு அமுக்க வேணாமே?"

"வேணாம்."

ஆண்டாளம்மாள் சீட்டில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"அப்ப வண்டிய எடுங்க சார். இனிமே ரெஸ்ட்டு என்னுது."