பன்னிரண்டாவது ஓட்டைக் காணோம்!

"ஆ...ஆ...ஆ...!"

ரஞ்சிதத்தின் அலறல் பனி மூடிய தேயிலைச் சரிவில் இறங்கி, எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

கேமரன் மலை. காலை. எஸ்டேட் பங்களாவின் கடைசி அறை.

தேநீர்த் தட்டோடு போன சமையல்காரி ரஞ்சிதம், விருந்தாளியை எழுப்பலாம் என்று போர்வையைப் பிடித்து இழுத்திருந்தாள்.

தலை கழன்றது!

தரையில் விழுந்து... உருண்டு... கதவோரம் போய் நின்றது!

முதலில் ஓடி வந்தவர் மகேஸ்வரன். பட்டு இரவு உடை. நெற்றியில் விபூதி. பங்களாவை மொத்தமாக வாடகைக்கு எடுத்திருக்கும் இந்தியத் தொழிலதிபர்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

"த... தலை... முதலாளி!"

மகேஸ்வரன் குனிந்து அந்தத் தலையைத் திருப்பினார்.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை.

முட்டைக்கோஸ்!

கட்டிலில் கிடந்த உடம்பு? வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, உள்ளே மூன்று தலையணைகள்.

"ஐயையோ! பழனியப்பன் ஓடிட்டான்!"

இந்த அலறல் ரஞ்சிதத்தின் அலறலைவிடப் பெரியதாக இருந்தது. நிஜத் தலையே உருண்டிருந்தால்கூட மனிதர் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்!

காரணம் உண்டு.

மகேஸ்வரன் இந்தியாவில் ஒரு மாநிலத்தின் கருங்கல் சக்கரவர்த்தி. எந்த மாநிலம்? வேண்டாம்... எனக்கும் குடும்பம் இருக்கிறது! ஒரு மலையை உடைக்க அனுமதி கேட்டார். முதலமைச்சர் மறுத்தார். மலையை உடைக்க முடியாவிட்டால் ஆட்சியை உடைப்போம் என்று கிளம்பிவிட்டார். ஆளுங்கட்சிக்குள் முன்னாள் அமைச்சர் உமாதேவியின் அதிருப்தி கோஷ்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து பன்னிரண்டு எம்.எல்.ஏ.க்களை விமானத்தில் ஏற்றினார். உள்ளூர் சொகுசு விடுதிகளை எல்லாம் முதலமைச்சர் கோஷ்டி முந்திக்கொண்டு பிடித்துவிட்டதால், மலேசியா வரை கொண்டுவந்து இங்கே பூட்டி வைத்தார். அந்தப் பன்னிரண்டில் ஒருவர்தான் பழனியப்பன்.

நாளை மறுநாள் சட்டசபையில் நம்பிக்கை வாக்கெடுப்பு.

பன்னிரண்டு பேர் எதிர்த்தால் ஆட்சி கவிழும். பதினோரு பேர் என்றால்... நிற்கும்!

"ஏம்மா! பங்களா சாவி உன்கிட்டதானே இருக்கு? முட்டைக்கோஸ் உன் சமையக்கட்டுதானே? முதலமைச்சர் ஆளுங்க உன்னை எப்படிப் பிடிச்சாங்க? சொல்லு!"

"எங்க தொகுதி எம்.பி.யவே நான் பேப்பர்லதான் பாத்திருக்கேன் முதலாளி! உங்க ஊரு முதலமைச்சர நான் எங்கலா போய் பாக்கறது?" என்றாள் ரஞ்சிதம், மலேசியத் தமிழுக்கே உரிய 'லா'வோடு.

"நடிக்காதே! எஸ்டேட் துரைகிட்ட பேசிட்டேன்னு வெச்சுக்கோ... இன்னியோட உனக்கு வேலை காலி!"

ரஞ்சிதத்துக்குத் தெரியும்... வேலை போனால் அதோடு சேர்ந்த தொழிலாளர் லயத்து வீடும் போகும்.

அவள் அழவில்லை. கைப்பேசியைத் தேடினாள். வைத்த இடத்தில் இல்லை. வரவேற்பறைத் தொலைபேசியை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டாள். போலீஸ் என்றால் அவளுக்கு ஒரே ஒரு போலீஸ்தான்... கணவனின் தம்பி, சார்ஜன் குணாளன்!

குணாளன் வந்ததும் சாப்பாட்டு மேஜையில் இருந்த பதினோரு எம்.எல்.ஏ.க்களையும் விசாரித்தான்.

"காலைல அவர யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் இட்லியிலிருந்து தலை தூக்கவில்லை. ஒருவர் மட்டும் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உமாதேவி அம்மா பாக்கச் சொன்னா பாத்தோம். பாக்க வேணாம்னா பாக்கல."

ட்ர்ர்ரிங்...!

மகேஸ்வரனின் கைப்பேசி! குணாளன் சைகை காட்ட, மகேஸ்வரன் ஸ்பீக்கரைப் போட்டார்.

பானைக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்.

"பழனியப்பன் எங்க கையில இருக்காரு. உயிரோட வேணுமா?"

"வேணும்! என்ன கேக்கறே? சொல்லுடா!"

"பொதுப்பணித் துறை."

"என்னது?"

"ஆட்சி மாறினதும் பொதுப்பணித் துறை அமைச்சர் பதவி."

"யாருக்குடா?"

"பழனியப்பனுக்கு. கூடவே கலால் துறையும் குடுத்தா... சந்தோஷப்படுவோம்."

"குடுக்கலேன்னா?"

"அவரைப் பட்டினி போட்டுடுவோம்! இல்ல... இல்ல... பட்டினி வேணாம். சும்மா மிரட்டுவோம்!"

டொக்.

குணாளன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"கடத்துனவனே கடத்தப்பட்ட ஆளுக்கு போஸ்ட் கேக்கறான்... எங்க ஸ்டேஷன்ல இந்த மாதிரி கேஸ் வந்ததே இல்லலா! நம்பர காட்டுங்க."

மகேஸ்வரன் எண்ணை உரக்கப் படித்தார்.

"ஐயோ! அது என் நம்பர்லா!" என்றாள் ரஞ்சிதம்.

பதினோரு எம்.எல்.ஏ.க்களும் இப்போது இட்லியிலிருந்து தலை தூக்கினார்கள்!

"பாத்தீங்களா சார்ஜன்? இவதான் கூட்டாளி! பிடிங்க இவளை!"

குளிரிலும் குணாளனுக்கு வியர்த்தது.

"அண்ணி... கொஞ்சம் உக்காருங்க. சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல... அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்..."

"விலங்கு போடணும்னா அப்புறம் போடு. மொதல்ல என் போனுக்கு அடி!"

அடித்தான். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"வணக்கம்! திரிங்காப் கோயில் மண்டபம்."

"ஹலோ... அங்க பழனியப்பன்னு யாராச்சும்..."

"தலைவர் மைக்ல பேசிக்கிட்டு இருக்காரு. போன என்கிட்ட குடுத்து வெச்சிருக்காரு. அவசரமா?"

மூவரும் போலீஸ் காரில் பாய்ந்தார்கள்!

கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க நின்ற சுற்றுலாப் பேருந்துகள் சாலையை அடைத்திருந்தன. குணாளன் சைரனை அலறவிட்டு, சோளக் கடைக்கும் பேருந்துக்கும் நடுவே காரை நுழைத்து, திரிங்காப்பில் போய்த்தான் பிரேக்கை மிதித்தான்.

கோயில் மண்டபத்தின் நடுவில் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம். இந்தப் பக்கம் ஒரு கூட்டம். எல்லாரும் காய்கறித் தோட்டக்காரர்கள், பூத்தோட்டக்காரர்கள்.

மேடையில் எம்.எல்.ஏ. பழனியப்பன்! வேட்டி கட்டிலில் பிணமாக நடித்துக்கொண்டிருந்ததால் இடுப்பில் யாருடையதோ பூப்போட்ட கைலி. கழுத்தில் இரண்டு மாலை.

"நேத்து வரைக்கும் இந்தக் கமிட்டி ஒத்துமையா இருந்துச்சே!" என்றான் குணாளன், திகைத்துப்போய்.

கோயில் கமிட்டித் தலைவர் சாமிநாதன் மூச்சு வாங்கினார்.

"காலைல காய்கறி லோரில வந்து இறங்குனாருலா தம்பி. இந்தப் பக்கம் வந்து, நீங்கதான் நிரந்தரத் தலைவர்னு எனக்குச் சொன்னாரு. அந்தப் பக்கம் போய், நீங்கதான் அடுத்த தலைவின்னு என் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டாரு. இப்ப நாங்க ரெண்டு கோஷ்டி! மத்தியானச் சோறு கிடைக்குமான்னு தெரியல!"

மகேஸ்வரன் மேடையில் தாவினார்.

"துரோகி! உன்னை யாருடா கடத்தினது?"

"நான்தாண்ணே!" பழனியப்பன் கை கூப்பினார். "எல்லாருக்கும் அமைச்சர் பதவி பேசினீங்க. எனக்கு மட்டும் தென்னை நார் வாரியம்! கடத்தப்பட்டாலாவது ஒரு மதிப்பு வரும்னு பாத்தேன். அதோட... அந்தப் பங்களாவுல மைக் இல்ல, மாலை இல்ல. இருக்கற பன்னெண்டு பேரும் ஒரே கோஷ்டி! மூச்சு முட்டிப் போச்சுண்ணே!"

"அதுக்கு என் போன்தான் கெடச்சுதா?" ரஞ்சிதம் முன்னால் வந்தாள். "உங்களுக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டேன். உங்களால எனக்கு வேலை போவுது. வீடும் போவப் போவுது. தெரியுமா உங்களுக்கு?"

பழனியப்பனின் முகம் சுருங்கியது. மேடையில் நின்று தலை குனிந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"மன்னிச்சுக்கம்மா... எங்க போனை எல்லாம் இவர் பெட்டியில பூட்டிட்டாரு. உனக்கு இப்படி ஆகும்னு நினைக்கல."

"பேசினது போதும்!" மகேஸ்வரன் பூங்கட்டு கட்டும் கயிற்றை எடுத்து அவர் கைகளைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். மேலே இன்னொரு முடிச்சு! "உன்னை மூட்டையாக் கட்டி விமானத்துல ஏத்தறேன் பாரு! ஓட்டுப் போட்டதும் உனக்கு நார் வாரியம்கூடக் கிடையாது!"

ட்ர்ர்ரிங்...!

அழைத்தது உமாதேவி.

"மகேஸ்வரன்! எல்லாம் போச்சு! பங்களா போன்லேர்ந்து ஒரு எம்.எல்.ஏ. பொண்டாட்டிகிட்ட உளறிட்டான். டிவி முழுக்க எம்.எல்.ஏ. கடத்தல்தான்! நான் கடத்தினேன்னு முதலமைச்சர் கோஷ்டி சொல்லுது. அவர் கடத்தினார்னு நாங்க சொல்றோம். ஜனங்க ரெண்டு பேர் வீட்டு மேலயும் கல்லெறியறாங்க!"

"இப்ப என்னம்மா பண்றது?"

"கட்சி மேலிடம் முடிவு பண்ணிடுச்சு. அவரும் வேணாம், நானும் வேணாம். பொதுவா ஒருத்தர்."

"யாரு?"

"கடத்தப்பட்ட தியாகி! பழனியப்பன்தான் புது முதலமைச்சர்! உயிரோட இருக்காரா? அவர் மேல ஒரு கீறல் விழக்கூடாது, சொல்லிட்டேன்!"

மகேஸ்வரனின் கையிலிருந்து கைப்பேசி நழுவியது.

அவர் பழனியப்பனைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். முடிச்சின் மேல் பாய்ந்தார். அவிழவில்லை! பல்லால் கடித்தார். அவிழ்ந்ததும் அப்படியே காலில் விழுந்தார்.

"ஐயா...! முதலமைச்சர் ஐயா...!"

பழனியப்பன் அரசியல்வாதி. யாராவது காலில் விழுந்தால், ஏன் என்று கேட்க வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை.

"முதல்ல துரைக்குப் போன் போடுங்க. இந்த அம்மாவோட வேலைக்கும் வீட்டுக்கும் ஒரு பங்கம் வரக்கூடாது."

மகேஸ்வரன் விழுந்த நிலையிலேயே துரையிடம் பேசி, ரஞ்சிதத்திடம் மன்னிப்பும் கேட்டார். ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கைப்பேசியை வாங்கிச் சட்டென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இப்ப எழுந்திருங்க மகேஸ்வரன். அந்த மலைய எப்ப உடைக்கறதா இருக்கீங்க?"

"நீங்க எப்ப சொல்றீங்களோ அப்ப, ஐயா!"

"அப்போ கனிமவளத் துறைய நீங்களே பாத்துக்கங்க."

"நான் எம்.எல்.ஏ. இல்லீங்களே?"

"ஆறு மாசத்துல ஆக்கிடலாம்!"

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். கயிற்றுக்கு இரண்டு பக்கமும் கைத்தட்டல்!

குணாளன் ரஞ்சிதத்தின் அருகில் வந்து கிசுகிசுத்தான்.

"அண்ணி, நான் ரிப்போர்ட் எழுதணும்லா. கடத்துனவரு இவரு. கடத்தப்பட்டவரும் இவரு. கட்டிப் போட்டவரு அவரு. இப்ப ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. இந்தக் கும்பல என்னன்னு எழுதறது?"

ரஞ்சிதம் மேடையை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அமைச்சரவைன்னு எழுதுலா தம்பி!"