காணாமல் போன பத்துக் குப்பிகள்

1988 மார்ச், பிற்பகல் 2.10. ஜார்ஜ்டவுனில் டாக்டர் விஸ்வலிங்கத்தின் கிளினிக். குளிர்பெட்டியைத் திறந்த தாதி சித்தி ஹாஜரா அப்படியே நின்றுவிட்டாள். இருபது மருந்துக் குப்பிகளில் பத்தைக் காணோம்.

பூட்டு உடையவில்லை. சாவியோ ஹாஜராவின் பொறுப்பு. டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மூணு மணிக்கு ஊசி ஆரம்பிக்கணும். அதுக்குள்ள வரலன்னா நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்."

பதினோரு வருஷ வேலை. பாவம், அவளுக்கு அழக்கூட வரவில்லை.

2.25. இன்ஸ்பெக்டர் குணவதி வந்தார். காரியத்தில் கறார்; பேச்சில் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல இருப்பார்.

"என்ன மருந்து, டாக்டர்?"

"அக்கி ஆறினாலும் சிலருக்கு நரம்பு வலி விடாது. அதுக்கு ரெண்டு பெப்டைடை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பெப்டைடுன்னா புரதத்துல ஒரு சின்னத் துண்டு. ஒண்ணு வலிக்கு, மீன்ல இருக்கிற வகை. இன்னொண்ணு எதிர்ப்புச் சக்திக்கு, கன்னுக்குட்டி சுரப்பியிலேருந்து எடுத்தது."

"யாருக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்?"

"என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அதுதானே முறை! குப்பியில நம்பர் மட்டும்தான். லிஸ்ட்ட நேத்து சாயங்காலம் நானே டைப் அடிச்சேன். ரெண்டு பிரதி. ரெண்டும் சீல் வச்ச உறையில இருக்கு."

"உறையைத் திறந்து பாருங்க. காணாமப் போனது எந்த நம்பர்லாம்?"

முணுமுணுத்துக்கொண்டே திறந்த டாக்டரின் முகம் மாறியது. போனது பத்தும் கன்றுக்குட்டி மருந்து. மீன் மருந்தில் ஒன்றுகூடக் குறையவில்லை.

2.35. விசாரணை.

"சாவி எங்க இருந்துச்சு, ஹாஜரா?"

"ஒண்ணரைக்குத் தொழப் போனேன், மேடம். எப்பவும் போல மேசையில வச்சுட்டுப் போனேன்லா."

அந்த நேரத்தில் டாக்டரைத் தவிர கிளினிக்கில் இருந்தவர்கள் இருவர். மீன் மருந்தை விற்கும் கம்பெனியின் பஷீர் ஒருவர்.

"எனக்கு எதுக்கு மேடம் இந்த வம்பு? எங்க மருந்து எந்த நம்பர்னே தெரியாது. டாக்டர்கிட்ட கெஞ்சியும் சொல்லல!"

மற்றவர் கிளார்க் வள்ளிநாயகி. மேசையில் டைப்ரைட்டர், பக்கத்தில் வாயகன்ற பிளாஸ்க். ஜன்னல் கொக்கியில் மூலைக் கடையில் வாங்கிய கோப்பி, பிளாஸ்டிக் பையில் தொங்கியது.

"நான் சாப்பாட்டு நேரத்துல கடைக்குப் போயிட்டு வந்தேன், மேடம். எனக்கும் கவலைதான். எங்கம்மா யோகம்மா இதுல ஏழாம் நம்பர்."

2.50. குணவதி எல்லோரையும் கூப்பிட்டார்.

"நம்பர் தெரியாம எடுத்தவன் கண்டதையும் எடுப்பான். இங்க கன்னு மருந்தா பார்த்துப் பொறுக்கியிருக்கு. அப்ப லிஸ்ட் தெரிஞ்ச ஆள். பஷீருக்குத் தெரியாது, ஹாஜராவுக்கும் தெரியாது. டாக்டர், ரெண்டு பிரதி எப்படி அடிச்சீங்க?"

"நடுவுல கார்பன் தாள் வச்சு..." டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பிரதிக்கு சீல் வச்சீங்க. கார்பனை வள்ளிநாயகி மேசையிலயே விட்டுட்டீங்க. வெளிச்சத்துல பிடிச்சா ஒவ்வொரு எழுத்தும் தெரியும். வள்ளிநாயகி, பிளாஸ்க் கொண்டுவந்தவங்க எதுக்குக் கடைக் கோப்பி வாங்கணும்?"

வள்ளிநாயகி பிளாஸ்க் மூடியைத் திறந்தாள். ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் பத்துக் குப்பிகளும் பத்திரமாக இருந்தன.

"கெடுக்கணும்னு எடுக்கல, மேடம். அம்மா மாட்டுக் கறி சமைச்ச சட்டியத் தொட்டாக்கூடக் குளிப்பாங்க. அவங்களுக்குத் தெரியாம கன்னுக்குட்டிய உடம்புல ஏத்தலாமா? ஏழாம் நம்பர மட்டும் எடுக்கத்தான் போனேன். மத்தவங்களும் யாருக்கோ அம்மாதானே!" சொல்லிவிட்டு ஹாஜராவின் பக்கம் திரும்பி அழுதாள். "உன் வேலைக்கு ஆபத்து வரும்னு நினைக்கல, அக்கா."

"எல்லாருக்கும் சொல்லியிருக்கலாமே, டாக்டர்," என்றார் குணவதி.

"கையெழுத்து வாங்கினேனே..."

"எதுலேருந்து செஞ்ச மருந்துன்னு அதுல எழுதினீங்களா?"

டாக்டர் தலையைச் சொறிந்தார். எழுதவில்லை. வெட்கத்தோடு ஹாஜராவிடம் மன்னிப்புக் கேட்டுச் சாவிக்கொத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அதுக்கு முன்னால ஒரு கேள்வி, டாக்டர். இருபது பேருல எங்க முஸ்லிம் ஆளுங்க ஆறு பேரு. அந்தக் கன்ன எப்படி அறுத்தாங்க, ஹலாலாவா?"

மருந்து விற்கிறவருக்காவது தெரியுமா என்று டாக்டர் பஷீரைப் பார்த்தார். பஷீர் கூரையைப் பார்த்தார். குணவதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மணி மூன்று. டாக்டர் விஸ்வலிங்கம் ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, எது எதிலிருந்து செய்த மருந்து என்று இருபது பேருக்கும் சொல்ல டெலிபோனை எடுத்தார்.