நான்கு பச்சைக் கோடுகள்

கம்ப்யூட்டர் திரையின் அடியில் வரிசையாக நின்ற பச்சைக் கோடுகளில் ஒன்று தானாக அணைந்தது. மேட்ச் சத்தம் ஒரு படி இறங்கியது. ரிமோட் சென்றாயனின் தொடைமேல் கிடந்தது. அவன் கை அதில் படவே இல்லை.

சனியன் பிடித்த பொட்டி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டினான். உடனே பாட்டு ப்ரோகிராமும் விழித்துக்கொண்டு தன் பங்குக்கு அலறியது. ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரில் டிவி காட்டுகிற ப்ரோகிராமும் பாட்டு போடுகிற ப்ரோகிராமும் சேர்ந்து பதில் சொல்வது இந்தப் பொட்டியை வாங்கிய நாளிலிருந்து இருக்கிற தொல்லைதான். தானாகக் குறைவதுதான் புதுசு. எஸ்டேட்டில் நாற்பது ஆளை மேய்க்கிற ரைட்டர் அவன். வீட்டில் ஒரு பொட்டி அவன் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. ஐப்பசி மாதத்துப் பனிமூட்டம் வெளியே காபிச் செடிகளை முழுசாக மறைத்துவிட்டு, ஜன்னல் இடுக்கில் அவன் ஒட்டிவைத்திருந்த செய்தித்தாளை ஊறவைத்து, நனைந்த மரவாடையும் கரி கனலும் வாடையுமாகக் கூடம் முழுக்கத் தங்கியிருந்தது. உள்ளறையில் எட்டு வயது மகள் ராசாத்தி காய்ச்சலோடு படுத்திருந்தாள். அவள் கட்டிலடியில் குளிருக்குக் கரி போட்ட கணப்புச் சட்டியை வைத்துக் கதவை இழுத்துச் சாத்தியது அவன்தான்.

போன வருஷம் அதே அறையில், அதே சட்டிக்குப் பக்கத்தில்தான் அவன் மனைவி மாதம்மாள் செத்துக் கிடந்தாள். மூடிய அறையில் கரி எரிந்த விஷக்காற்று என்றார் டாக்டர். மாரடைப்பு என்று ஊர் முழுக்கச் சொன்னான் சென்றாயன். மலையில் எல்லோரும் கணப்பு வைத்துத்தான் தூங்குகிறார்கள், கீழே இருந்து வந்த டாக்டருக்கு என்ன தெரியும்? இன்று சட்டியை வைக்காமல் விட்டால் அந்த ஆள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். அந்தக் கோபத்திலேயே வைத்தான்.

அந்த அறைக் கதவு மழைக்காலத்தில் உப்பி இறுகிக்கொள்ளும். கூடத்திலிருந்து தோளால் இடித்தால் உள்பக்கம் திறக்கும். உள்ளே இருப்பவர் இழுப்பதற்குக் கைப்பிடி இல்லை. அது கழன்று விழுந்து மூன்று வருஷமாகிறது, அந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. மாட்டித் தாருங்கள் என்று மாதம்மாள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். அன்றைக்கு அவள் தட்டியபோதும் மேட்ச்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டுக்குச் சண்டை போட்டுவிட்டு உள்ளே போனவள்தானே, தட்டட்டும் என்று அவன் சத்தத்தைக் கூட்டினான். நான்கு கோடு.

இப்போது இன்னொரு கோடு அணைந்தது.

பாகங்களைச் சேர்த்துப் பொட்டியைப் பூட்டிக் கொடுத்த சேலத்து மெக்கானிக் அண்ணாதுரையை போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தான். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ரெண்டு ப்ரோகிராமும் ஒரே ரிமோட்டுக்குக் காத்திருக்கின்றன, அதனால் வரும் தகராறு. பாட்டு ப்ரோகிராமை மூடிவிட வேண்டும். கேட்காவிட்டால், மேஜைமேல் ஒயரோடு இருக்கிற, ரிமோட் சிக்னலை வாங்கிப் பொட்டிக்குக் கொடுக்கிற கண்ணைத் துணியால் மூட வேண்டும்.

"அப்பறமும் கொறஞ்சா?"

"ஒயரப் புடுங்கிடுங்க. அதுக்கப்பறம் யாரு அமுக்குனாலும் பொட்டிக்குத் தெரியாதுங்க."

பாட்டு ப்ரோகிராமை மூடினான். ஒரு கோடு அணைந்தது. கண்மேல் துண்டைப் போட்டான். இன்னொன்று. வெறி பிடித்தவனாக ஒயரைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

இன்னொன்று.

சத்தம் தணிந்த இடைவெளியில் உள்ளறைக் கதவு தட்டும் ஓசை கேட்டது. மெதுவாக. விட்டு விட்டு.

படுத்துத் தூங்கு என்று அதட்டினான். மவுஸைப் பிடித்துக் கோடுகளை மேலே தள்ளினான். இறங்கின. தள்ளினான். இறங்கின. யாரடீ என்று கத்தினான். கத்திய பிறகுதான், பெண்ணைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டது உறைத்தது.

கடைசிக் கோடும் போயிற்று. திரையில் கூட்டம் வாயைப் பிளந்து குதித்தது. சத்தமில்லை.

தட்டல்.

"ஏனுங்க. கதவத் தொறங்க."

ராசாத்தி அவனை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

பிள்ளை உள்ளே. சட்டி உள்ளே. ஓடினான். தோளால் இடித்தான். ஒருமுறை. இரண்டுமுறை. கதவு பட்டென்று வழிவிட, கட்டிலில் போய் விழுந்தான். கம்பளியை இழுத்தான். தலையணை மட்டும். கட்டிலடியில் கங்கு சிவந்து கிடந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

நகத்தால் பிறாண்டினான். இறுகியிருந்தது. தலை சுற்றியது. மண்டியிட்டு, கைப்பிடி இருந்த ஓட்டையில் கண்ணை வைத்தான்.

கூடத்தில், அவன் நாற்காலியில், ராசாத்தி. கையில் ரிமோட். பிடுங்கிய ஒயர் தரையில்.

"ராசாத்தி, கதவத் தள்ளு சாமி. அப்பன் உள்ள இருக்கறன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தாண்டி வந்தது. மாதம்மாளோடு சேர்த்து எரித்த அதே பச்சைக் கண்ணாடி வளையல்கள். முகம் ஓட்டைக்குள் அடங்கவில்லை. பிள்ளையின் கட்டைவிரல்மேல் கரி படிந்த கட்டைவிரல் ஒன்று பதிந்து அமுக்கியது.

ஒரு கோடு ஏறியது. மூடிவைத்த பாட்டும் சேர்ந்து அலறியது.

தட்டினான். இரண்டு.

தட்டினான். மூன்று.

நான்காவது கோடு ஏறியபோது, அவன் தட்டுவது அவனுக்கே கேட்கவில்லை.